பிஎம்இஜிபி கடன்: மானியத்தை நம்பி வீட்டுக் கணக்கு போடலாமா?

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், அதாவது பிஎம்இஜிபியில், 35% வரை மானியம் உண்டு என்பது பலருக்கும் தெரியும். அந்தப் பணம் எப்போது, எந்த வடிவில் வருகிறது என்பதைக் கவனிக்காததால்தான் வீட்டுக் கணக்கு இடறுகிறது.

18 வயது நிறைந்தவர் விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பு இல்லை. திட்ட மதிப்பு உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை. இவை முறையே 10 லட்சம், 5 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கு இந்தக் கடன் கிடையாது.

பொதுப் பிரிவினருக்கு நகரில் 15%, கிராமத்தில் 25% மானியம். சொந்தப் பங்கு 10%. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஓபிசி, சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்களுக்கு நகரில் 25%, கிராமத்தில் 35%. சொந்தப் பங்கு 5%. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். எனவே கணவர் பொதுப் பிரிவு என்றால் மனைவி பெயரில் போடுவதே லாபம், தொழிலை அவர் உண்மையிலேயே நடத்துவதாக இருந்தால்.

கிராமத்துப் பெண் ஒருவர் 10 லட்சத்தில் செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்குகிறார் என்று வையுங்கள். சொந்தப் பங்கு 50,000. வங்கி தருவது 9.5 லட்சம். மானியம் 3.5 லட்சம் அவர் கைக்கு வராது. வங்கியில் அவர் பெயரில் 3 ஆண்டு வைப்பாகக் கிடக்கும். அதற்கு வட்டி இல்லை. அதே அளவு கடனுக்கும் வட்டி போடுவதில்லை. 3 ஆண்டுக்குப் பின் நேரில் சரிபார்த்து, கடனில் கழிப்பார்கள். மீதி 6 லட்சத்துக்கு 11% வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 13,000 ரூபாய்.

இந்த 13,000-ஐ வீட்டுச் செலவுகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த 3 ஆண்டில் மகள் திருமணமோ, வீடு கட்டும் வேலையோ, வெளிநாட்டுப் பயணமோ இருக்கிறதா? நடுவில் தொழிலை மூடினால் மானியமே கைநழுவலாம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று சேர்த்த பணத்தைச் சொந்தப் பங்காகக் கட்டவும் வேண்டாம். நகையை அடகு வைத்துக் கட்டினால் அந்த வட்டியையும் தவணையோடு கூட்டிக்கொள்ளுங்கள். அதுபோக, ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக இருந்தால்தான் நிம்மதியாகத் தொடங்க முடியும்.

செக்குத் தொழிலில் பணம் முடங்குவது இயந்திரத்தைவிடச் சரக்கில்தான். கடலையும் எள்ளும் அறுவடைக் காலத்தில் மலிவு. அப்போது வாங்கிப் போடாவிட்டால் ஆண்டு முழுக்க ஏறிய விலைக்கு வாங்க நேரும். திட்ட அறிக்கையில் நடைமுறை மூலதனத்தை, அதாவது சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் வேண்டிய பணத்தை, குறைத்துக் காட்டுகிறவர்கள் இங்கேதான் கந்துவட்டிக்குப் போகிறார்கள்.

நிலம் வாங்கும் செலவைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. தொழிற்கூட வாடகையை 3 ஆண்டு வரை சேர்க்கலாம். கடன் ஒப்புதலுக்கு முன்பே இயந்திரம் வாங்கிவிடாதீர்கள், கொட்டேஷன் போதும். 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது.

விண்ணப்பம் இணையத்தில்தான். ஆதார், சாதிச் சான்று, திட்ட அறிக்கை, கிராமம் என்றால் அதற்கான சான்று தேவை. 2021-22 முதல் 2025-26 வரை என்று ஒப்புதல் பெற்ற திட்டம் இது; எனவே இப்போதைய நிலையை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு அறிக்கை தயாரியுங்கள்.