டிசேர்ன்மென்ட்: தேர்ந்து தெளிதல்

கொழும்பின் கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் செபக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் இது. "கனடாவுக்குப் போறதா இல்லையா எண்டு டிசேர்ன் பண்ணிக்கொண்டிருக்கிறம்" என்பார்கள். கடவுளின் விருப்பத்தைக் கேட்டறிவது என்ற பொருள் சரிதான். ஆனால் சொல்லுக்குள் இருக்கும் வேலை அதில் தெரிவதில்லை.

லத்தீன் மொழியின் 'டிஸ்கெர்னரே' இதன் மூலம். 'கெர்னரே' என்றால் சலிப்பது, பிரித்தெடுப்பது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'டியாகிரிசிஸ்'. அதற்கும் பிரித்தறிவதுதான் அடிப்படை. பிட்டுக்கு மா அரிப்பதை நினைத்துப் பாருங்கள். அரிதட்டைத் தட்டத் தட்ட மா இறங்கும், கப்பி மேலே தங்கும். கப்பியை யாரும் எறிவதில்லை, திரும்ப இடிப்போம். எதுவானாலும் முதலில் தட்டுக்குள் வரவேண்டும். வாசலிலேயே நிறுத்திவிட்டால் அரிக்க என்ன இருக்கிறது?

தமிழுக்கு வருவோம். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் இது 'ஆவிகளைப் பகுத்தறிதல்' (1 கொரிந்தியர் 12:10). சாலொமோன் நன்மை தீமையை 'வகையறுக்க' இருதயம் கேட்கிறான் (1 இராஜாக்கள் 3:9). என்ன அழகான சொல்! அதை நாம் கைவிட்டிருக்கக் கூடாது. 'பகுத்தறிவு' பெரியார் இயக்கத்தோடு ஒட்டிவிட்டதால் செபத்தோடு சேரும்போது கொஞ்சம் உறுத்துகிறது. கத்தோலிக்கரிடையே வழங்கும் 'தேர்ந்து தெளிதல்'தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

திருக்குறளின் 51ஆம் அதிகாரத்தின் பெயர் 'தெரிந்து தெளிதல்'. ஆளை ஆராய்ந்து, அதன்பின் நம்புவதைப் பற்றியது. "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்" (510). ஆராயாமல் நம்பினாலும் துன்பம், ஆராய்ந்து நம்பியவரைப் பிறகு சந்தேகித்தாலும் துன்பம். அதாவது பிரிப்பது பாதி வேலை, தெளிந்து பற்றிக்கொள்வது மறுபாதி. "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பவுல் சொல்வதிலும் (1 தெசலோனிக்கேயர் 5:21) இந்த இரண்டும் உண்டு.

கொழும்பில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு இந்துக்களும் பௌத்தர்களும்கூட வருகிறார்கள். தைப்பொங்கலன்று பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணம் வரும். வாங்கலாமா? சிலைகளுக்குப் படைத்த உணவை வைத்துக் கொரிந்து சபையும் இப்படித்தான் குழம்பியது. அழைத்தவர் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடுங்கள். 'இது படைத்தது' என்று ஒருவர் சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதீர்கள் என்றார் பவுல் (1 கொரிந்தியர் 10:27-29). ஒரே சோறு, இரண்டு பதில். எதிரே இருக்கும் மனிதரையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறார்.

என் அம்மா ஒருமுறை பக்கத்து வீட்டு அக்காவிடம், "படைச்சதெண்டால் நான் எடுக்கிறதில்லை அக்கா, குறை நினைக்காதேங்கோ" என்று நேராகவே சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அன்றிரவு அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை. அடுத்த தைப்பொங்கலுக்கு அந்த அக்கா சின்னச் சட்டியோடு வாசலில் நின்றார்.

"இது தனியாப் பொங்கினது, தங்கச்சி. படைக்கேல்லை."