போல் பொசிஷன்: துருவ நிலை அல்ல

சென்ற வாரம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பத்து வயது. ஓய்வு நேரத்தில் நான் ஆடும் கார் பந்தய வீடியோ கேமில் அவனுக்கும் ஆசை. தன் அம்மாவின் கைப்பேசியில் வேறொரு பந்தய விளையாட்டை, மொழியைத் தமிழுக்கு மாற்றிவைத்துக்கொண்டு ஆடிப் பழகியவன். கன்ட்ரோலரை வாங்கியதும் கேட்டான்: “மாமா, இதிலும் துருவ நிலை உண்டா? துருவம் என்றால் பனியாக இருக்குமே, அங்கே எப்படிக் கார் ஓடும்?”

அவன் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. வடதுருவம், தென்துருவம் பற்றிப் பள்ளியில் படித்திருக்கிறான். படித்ததை நம்பிக் கேட்டான். தமிழ் படித்த பிள்ளைக்குத் தமிழ்ச் சொல்லே வழிமறிக்கிறது என்றால் பிழை பிள்ளையுடையது அல்ல.

‘போல் பொசிஷன்’ என்ற ஆங்கிலப் பந்தயச் சொல்லின் தமிழாக்கமாக இந்தத் ‘துருவ நிலை’யை நான் பார்ப்பது முதல்முறையும் அல்ல. பந்தயக் காணொளிகளின் தானியங்கி வசனங்களில் வருகிறது. இணையச் செய்திகளில் வருகிறது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுக் கார் பந்தயம் நடந்தபோது அந்தச் செய்தியைப் பகிர்ந்துகொண்டவர்களிடமும் இந்தச் சொல்லைக் கண்டேன். இனியும் பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

பொருள் எளிது. பந்தயத்துக்கு முன்னால் தகுதிச் சுற்று நடக்கும். அதில் மிகக் குறைந்த நேரத்தில் ஒரு சுற்றை முடித்தவரின் கார், பந்தயம் தொடங்கும்போது எல்லோருக்கும் முன்னால் நிற்கும். அந்த இடம்தான் போல் பொசிஷன். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அடுத்த கார் அதற்கு எட்டு மீட்டர் பின்னால், பக்கவாட்டில் விலகி நிற்கும்.

பெயர் வந்த வழி குதிரைப் பந்தயம். அமெரிக்கத் திடல்களில் உள்வேலியை ஒட்டித் தொலைவு காட்டும் கம்பங்கள் நட்டிருப்பார்கள். கம்பத்தை ஒட்டி ஓடும் குதிரைக்கு வளைவில் தூரம் குறைவு. அந்த உள்ளிடத்துக்கு வந்த பெயரை மோட்டார் பந்தயக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் கம்பத்தைக் குறிக்கும் ‘போல்’ வேறு, துருவத்தைக் குறிக்கும் ‘போல்’ வேறு. முன்னது முளைக்குச்சியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தும், பின்னது அச்சைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தும் வந்தவை. எழுத்து ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். காவிரி ஆறு என்பதை ஒருவர் எண் ஆறு என்று எடுத்துக்கொண்டு வேற்றுமொழியில் எழுதினால் நாம் எப்படிப் பதறுவோம்? துருவ நிலை அதே வகைப் பிழை.

நண்பர் ஒருவர் இதற்கும் ஒரு நியாயம் சொன்னார். துருவம் உச்சி, உச்சியில் இருப்பவன் முதல்வன், ஆகவே பொருந்தும் என்றார். பொருந்தாது. பூமிக்குத் துருவம் இரண்டு. அடியில் இருப்பதும் துருவம்தான். நம் நாளிதழ்கள் ‘இரு துருவங்கள்’ என்று எழுதினால் ஒன்றுக்கொன்று எதிரான இருவர் என்று பொருள். அந்தச் சொல்லுக்கு முதன்மை என்ற வாடையே கிடையாது. வடமொழியில் அதன் மூலப் பொருள் அசையாதது, நிலைபெற்றது. துருவன் கதையைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். தந்தை மடியில் இடம் கிடைக்காத பிள்ளை தவம் செய்து, யாராலும் அசைக்க முடியாத இடத்தை வானத்தில் பெற்றான். எல்லோருக்கும் முன்பாகப் பாய வேண்டிய காருக்கு அசையாத நட்சத்திரத்தின் பெயரா?

அடுத்து வரும் ‘நிலை’யையும் பாருங்கள். தேரோட்டம் பார்த்து வளர்ந்தவன் நான். வடம் பிடித்து நான்கு வீதியும் சுற்றி முடித்து, தேர் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றால் ‘தேர் நிலைக்கு வந்துவிட்டது’ என்போம். ஓட்டம் முடிந்தது என்று பொருள். தமிழ்க் காதில் வண்டியோடு சேர்ந்த நிலை என்பது நின்றுபோதல். ஆக, துருவ நிலை என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து, ஓட்டத்தின் முதல் நொடிக்கு முற்றிலும் எதிரான படத்தை மனத்தில் வரைகின்றன.

சரி, கம்பத்தை ஏன் தமிழாக்கக் கூடாது? ‘கம்ப நிலை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேரைத் தேடிப் போன உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கம்பம் இன்று எங்கே இருக்கிறது? மோட்டார் பந்தயத்தில் அந்த இடம் வளைவின் உள்பக்கமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1990இல் ஜப்பானின் சுசுகா தடத்தில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அயர்டன் சென்னா என்ற ஓட்டுநர் முதல் இடத்தில் நின்றார். அந்த இடம் கார்கள் வழக்கமாக ஓடாத, தூசு படிந்த பக்கத்தில் இருந்தது. மாற்றித்தரக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். இரண்டாம் இடத்தில் சுத்தமான பக்கத்தில் நின்ற அலென் புரோஸ்ட்தான் முந்திப் பாய்ந்தார், முதல் வளைவிலேயே இருவரும் மோதிக்கொண்டார்கள். கம்பமும் இல்லை, உள்வேலியும் இல்லை, சில நாட்களில் வசதியும் இல்லை. வேகத்தால் சம்பாதித்த முன்னிடம் என்ற பொருள் மட்டுமே மிச்சம். அந்தச் சம்பாத்தியம்கூடப் பின்னால் வந்ததுதான். 1911இல் அமெரிக்காவில் நடந்த முதல் இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயத்தில், விண்ணப்பம் வந்து சேர்ந்த வரிசையிலேயே கார்களை நிறுத்தினார்கள். 1933இல் மொனாக்கோவில்தான் ஒரு கிராண்ட் பிரி பந்தயத்தின் வரிசை முதன்முதலாகப் பயிற்சி ஓட்டத்தின் நேரத்தை வைத்து முடிவானது.

ஒலிபெயர்த்து ‘போல் பொசிஷன்’ என்றே எழுதினால் என்ன? கடன்சொல்லுக்கு நான் பகைவன் அல்லன். பிரேக், டயர், கியர் எல்லாம் நம்மவை ஆகிவிட்டன. இதன் சிக்கல் வேறு. தமிழில் ‘போல்’ என்பது உவம உருபு. கார் பந்தய வீரர் லூயிஸ் ஹாமில்டனைப் பற்றி “ஹாமில்டன் போல் பொசிஷனில் தொடங்கினார்” என்று எழுதிப் பாருங்கள். ஹாமில்டனைப் போல வேறு யாரோ தொடங்கினார் என்றுதான் கண் முதலில் படிக்கும். பேச்சில் தப்பிக்கும் சொல் எழுத்தில் ஒவ்வொரு முறையும் இடறும். தலைப்பில் மேற்கோள் குறி போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் குறி போட்டுக் காப்பாற்ற வேண்டிய சொல் மொழியில் குடியேறவில்லை என்றுதான் பொருள்.

வெறும் ‘முதலிடம்’? பல செய்தியாளர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். துருவத்தைவிட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனாலும் ஆபத்து உண்டு. சனிக்கிழமை தகுதிச் சுற்று முடிந்ததும் “முதலிடம் பிடித்தார்” என்று செய்தி வந்தால், ஞாயிற்றுக்கிழமைப் பந்தயமே முடிந்துவிட்டதாக வாசகர் நினைப்பார். 2024 முடிவில் லூயிஸ் ஹாமில்டனின் கணக்கு இது: 104 முறை போல் பொசிஷன், 105 முறை வெற்றி. இரண்டையும் முதலிடம் என்றே எழுதினால் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

‘முன்னிலை’யும் உதவாது. பந்தயம் நடக்கும்போது முன்னால் ஓடுவதற்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ‘முகப்பிடம்’ என்று ஒரு பரிந்துரை கேட்டேன், ஓசை அழகாக இருக்கிறது. ஆனால் முதல் வரிசையில் நிற்கும் இருவரும் முகப்பில்தான் நிற்கிறார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லித்தான் அதைப் பழக்க வேண்டும்.

நான் எழுதுவது தொடக்க முதலிடம். கேட்டதும் புரிகிறது. எங்கே முதல் என்ற கேள்விக்குச் சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறது. “104 முறை தொடக்க முதலிடம், 105 முறை முதலிடம்” என்று எந்தக் குழப்பமும் இல்லாமல் எழுதலாம். நீளம் என்று குறைப்பட்டுக்கொண்டு ‘தொடக்க முதல்’ என்று மட்டும் வெட்டிவிடாதீர்கள், அது ‘ஆரம்பத்திலிருந்து’ என்று பொருள் மாறிவிடும். தனித்தமிழ் அன்பர்கள் இதைவிடச் செறிவான சொல் தந்தால் மகிழ்ந்து ஏற்பேன். ஆனால் முதல் தேவை தெளிவு, தூய்மை அதற்கு அடுத்துத்தான்.

இந்தச் சொல்லை உலகெங்கும் சிறுவர்களிடம் கொண்டு சேர்த்ததில் வீடியோ கேமுக்குப் பெரிய பங்கு உண்டு. 1982இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட விளையாட்டின் பெயரே போல் பொசிஷன். ஃபூஜி தடத்தில் முதலில் தனியாகத் தகுதிச் சுற்று ஓட வேண்டும். எடுத்த நேரத்தைப் பொறுத்து வரிசையில் இடம். சுற்றைக் குறித்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால் பந்தயமே கிடையாது. ஆடியவர்களுக்கு அகராதி தேவைப்படவில்லை. விளையாட்டே பொருளைச் சொல்லிக்கொடுத்தது.

இன்றைய விளையாட்டுகளைத் தமிழாக்குவோரிடம்தான் என் மனக்குறை. கைப்பேசித் திரையில் ‘இனத்தைத் தொடங்கு’ என்று ஒரு பொத்தானைப் பார்த்தேன். பந்தயம் என்பதற்கும் இனம் என்பதற்கும் ஆங்கிலத்தில் ‘ரேஸ்’ என்ற ஒரே சொல், அதனால் வந்த கோலம். ‘கடைசி மடி’ என்று இன்னொன்று, அது கடைசிச் சுற்று; மடிக்கும் சுற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘லாப்’. டயர் மாற்றும் ‘பிட்’ என்ற இடத்துக்குப் பெயர் ‘குழி’. ஓட்டுபவர் குழிக்குள் போக வேண்டுமாம். மொழிபெயர்ப்பாளர் கையில் சொற்பட்டியலை மட்டும் கொடுத்து, எந்தத் திரையில் எந்தச் சொல் வருகிறது என்று காட்டாமல் வேலை வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சொல்லுக்கு இத்தனை காசு என்று கணக்கிட்டால் யாருக்கு நின்று யோசிக்க நேரம்? இருந்தாலும் ‘இனத்தைத் தொடங்கு’ என்று தட்டச்சு செய்யும் கை ஒரு கணம் தயங்கியிருக்க வேண்டும். ஒரு படம் அனுப்புங்கள் என்று கேட்க ஒரு வரி போதும்.

அன்று மாலை அக்கா மகனுக்கு மோன்சா தடத்தில் தகுதிச் சுற்று ஓடக் காட்டினேன். நீண்ட நேர்பாதையின் முடிவில், வழிகாட்டும் பச்சைக் கோடு சிவப்பாக மாறும் இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டும். இரண்டு முறை தாமதமாகப் பிடித்துச் சரளையில் போய் நின்றான். மூன்றாம் முறை வளைவை ஒட்டித் திரும்பி, 5.793 கிலோமீட்டரையும் தடம் மாறாமல் ஓட்டி முடித்தான். எதிராளிகளின் திறனை மிகக் குறைவாக வைத்திருந்ததால் அவன் பெயர் பட்டியலின் மேலே ஏறியது. அடுத்த திரையில் கார்கள் வரிசையாக நின்றன. அவனுக்கு முன்னால் வெறும் சாலை.

“மாமா, எனக்கு முன்னால் யாருமே இல்லை” என்றான்.

“இதற்குப் பெயர்தான் தொடக்க முதலிடம்” என்றேன். தலையாட்டிவிட்டுச் சிவப்பு விளக்குகளைப் பார்க்கத் தொடங்கினான். வேறு கேள்வி கேட்கவில்லை.