மெயில் அழகாகத்தான் இருக்கிறது, பதில்தான் வரவில்லை

“விலை ஏற்றம் பற்றி வாடிக்கையாளருக்கு எழுத வேண்டியதை ஏஐ-யிடம் கொடுத்தால் பிழையே இல்லாமல் எழுதித் தருகிறது. ஆனால் நானே அவசரத்தில் தட்டி அனுப்பும் மெயிலுக்குத்தான் பதில் வருகிறது. ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. குறை மொழிநடையில் இல்லை, அந்தக் கருவி சொற்களைப் பொறுக்கும் விதத்தில் இருக்கிறது.

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் என்று பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் மொழி மாடல் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். இதுவரை எழுதியதைப் பார்த்து, அடுத்து வரக்கூடிய துண்டு எது என்று கணக்கிடுவது. முழுச் சொல்லாகவோ சொல்லின் ஒரு பகுதியாகவோ இருக்கும் அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்புதான் இவற்றின் அடிப்படை. இதெல்லாம் கேள்விப்பட்ட கதைதான். அந்தக் கணக்கு நடக்கும் ஒரு கணத்தை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

“தவிர்க்க முடியாத காரணங்களால் விலையை உயர்த்த” என்பது வரை வாக்கியம் வந்துவிட்டது. அடுத்து என்ன? மாடலிடம் பல்லாயிரம் டோக்கன்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதிலுள்ள அத்தனைக்கும் மதிப்பெண் போடுகிறது, ஒன்றைக்கூட விடுவதில்லை. ஒரு பேச்சுக்கு, ‘வேண்டியுள்ளது’ என்பதற்கு 70 சதவீதம், ‘முடிவு செய்துள்ளோம்’ என்பதற்கு 20, மிச்சமிருக்கும் 10 சதவீதத்தை மற்ற எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இந்த விகிதப்படி ஒரு குலுக்கல். குலுக்கலில் கடைசி வரிசைக்காரர்களுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு டெம்பரேச்சர் என்று பெயர். அதைக் குறைத்தால் முதலிடம் பிடித்த சொல்லே திரும்பத் திரும்ப வரும். கூட்டினால் உளறலும் வரும்.

இப்போது அதே மாடலிடம், எழுதச் சொல்வதற்கு முன்னால் மூன்று வரி சேர்த்துச் சொல்லுங்கள். இவர் எப்போதும் சொன்ன தேதியில் பணம் கட்டுபவர். மூலப்பொருள் விலை மார்ச்சிலேயே ஏறிவிட்டது, ஜூன் வரை நாங்களே தாங்கிக்கொண்டோம். ஜூலை 10-க்குள் ஆர்டர் போட்டால் அவருக்குப் பழைய விலை.

‘தவிர்க்க முடியாத காரணங்கள்’ பட்டியலில் சரசரவென்று கீழே இறங்கிவிடும். ‘மார்ச்’ மேலே ஏறும், ‘ஜூலை 10’ மேலே ஏறும். இத்தனைக்கும் மாடலுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான எண்களில் ஒன்றுகூட மாறவில்லை! பயிற்சி முடிந்த அன்று எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு புதுச் சொல்லும் பிறக்கும் முன், தனக்கு முன்னால் கிடக்கும் எல்லாச் சொற்களையும் ஒரு சுற்றுப் பார்த்து, எதற்கு எவ்வளவு காது கொடுப்பது என்று எடைபோடுகிறது. அட்டென்ஷன் என்பது இதுதான். உங்கள் மூன்று வரிகள் அந்த எடையை மாற்றின, எடை பட்டியலை மாற்றியது. எத்தனை தரம் படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

ஏஐ-யிடம் நாம் தட்டும் கட்டளைக்கு பிராம்ப்ட் என்று பெயர். இதைப் புரிந்துகொண்டால் ‘மந்திர பிராம்ப்ட் நூறு’ விற்பவர்களிடம் காசு போகாது. அது தாயத்து வியாபாரம். அதை எழுதி வைத்தவனுக்கு உங்கள் வாடிக்கையாளரைப் பற்றி என்ன தெரியும்?

சரி, பதில் ஏன் வரவில்லை? இதற்கு விடை ஏஐ-யை விட வயதானது. 1948-இல் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன், தகவலை அளக்க ஒரு வழி சொன்னார். ஒரு சொல் வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு அதிகமோ, அது தரும் தகவல் அவ்வளவு குறைவு. இரண்டில் ஒன்று என்ற வாய்ப்புள்ள சொல் வந்தால் கிடைப்பது 1 பிட், தகவலை அளக்கும் அலகு அது. ஆயிரத்தில் ஒன்று என்றால் ஏறக்குறைய 10 பிட். கட்டாயம் வரும் என்று தெரிந்தது வந்தால் பூஜ்யம்.

இதை நம் மெயிலின் மேல் வைத்துப் பாருங்கள். விவரம் எதுவும் கொடுக்காமல் எழுதச் சொன்னால் கருவி எடுப்பது பெரும்பாலும் பட்டியலின் தலைப்பகுதியைத்தான். அதாவது, படிப்பவரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய சொற்களை. ‘தங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி’ என்று கண்ணில் பட்டதுமே அவர் மனம் மீதியைத் தானே எழுதிக்கொண்டு அடுத்த மெயிலுக்குப் போய்விடுகிறது. அவசரத்தில் நீங்கள் தட்டியதில் தேதியும் காரணமும் இருந்தன. அதனால்தான் பதில் வந்தது.

ஷானனுக்கு முன்னால், 1913-இல், ரஷ்யக் கணித மேதை மார்கோவ் ஒரு செய்யுள் நாவலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்துக்குப் பின் உயிர் வருகிறதா மெய் வருகிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த சொல்லைக் கணிக்கும் இன்றைய கருவிகளுக்கு அவரைத் தாத்தா என்று சொல்லலாம். இன்று யாராவது இப்படி ஒரு ஆய்வுக்கு நிதி கேட்டுப் போனால் முதல் கேள்வியே “இதனால் என்ன பயன்?” என்பதாகத்தான் இருக்கும். அப்புறம் எங்கிருந்து வரும் புதுசு?

கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. வெறுமனே அடுத்த சொல்லைக் கணிக்கும் மாடல் அப்படியே நம் கைக்கு வருவதில்லை. இரண்டு பதில்களை மனிதர்களிடம் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டு, பிடித்த பக்கமாக அதைச் சாய்க்கிறார்கள். இந்தச் சாய்ப்புக்கு எவ்வளவு வலு என்றால், 2022-இல் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் செய்த ஒப்பீட்டில், இப்படிப் பழக்கிய 130 கோடி அளவுருக்கள் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) கொண்ட சின்ன மாடலின் பதில்களை, பழக்காத 17,500 கோடி அளவுருக்கள் கொண்ட ஜிபிடி-3-இன் பதில்களை விட மதிப்பிட்டவர்கள் விரும்பினார்கள். ஆனால் மனிதர்களுக்குப் பணிவு பிடிக்கும், பாராட்டு இன்னும் பிடிக்கும். அளவு மீறினால் கருவி ஆமாம் சாமி ஆகிவிடும். 2025 ஏப்ரலில் ஜிபிடி-4ஓ மாடலின் ஒரு புதுப்பிப்பு அநியாயத்துக்கு முகத்துதி பாடுகிறது என்று ஓப்பன்ஏஐ-யே அதைத் திரும்பப் பெற்றது.

பேரம் பேசுகிறவருக்கு இது ஆபத்து. “என் மெயில் எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் பிரமாதம் என்று சொல்ல அது சாய்ந்தே நிற்கிறது. கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். “இது எனக்கு ஒரு சப்ளையரிடமிருந்து வந்திருக்கிறது. நான் வாங்குபவன். இதில் எந்த வரியைப் பிடித்து விலையைக் குறைக்கலாம்?” என்று கேளுங்கள். இப்போது அது மகிழ்விக்க வேண்டிய ஆள் வாங்குபவர். ‘ஜூன் வரை தாங்கிக்கொண்டோம்’ என்கிறார்களே, அப்படியானால் செப்டம்பர் வரையும் தாங்கலாமே என்று உங்கள் ஓட்டையை அதுவே விரல் வைத்துக் காட்டும். ஏஐ கருவிகள் வியாபாரத்துக்குச் செய்யும் ஆக உருப்படியான உதவி இதுதான் என்பேன், மெயில் எழுதித் தருவதல்ல.

பொறுப்பு மட்டும் கைமாறாது. 2024-இல் கனடாவின் ஒரு தீர்ப்பாயம், இணையதளச் சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னதற்கு ஏர் கனடாவே இழப்பீடு தர வேண்டும் என்றது. உங்கள் மெயிலில் கருவி தானாகச் சேர்த்த தள்ளுபடியும் நீங்கள் கொடுத்த வாக்காகத்தான் பார்க்கப்படும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்யலாம். முடிந்த மெயிலைப் புதிய உரையாடல் ஒன்றில் ஒட்டி, ஒரே வரியில் சுருக்கச் சொல்லுங்கள். பெறுபவரும் பெரும்பாலும் அதைத்தான் செய்யப்போகிறார். நீங்கள் முதலில் கருவியிடம் தட்டிய வரியே திரும்பி வந்தால், நடுவில் வளர்ந்த பத்து வரிகளுக்கும் ஷானன் கணக்கில் பூஜ்யம். அந்த ஒரு வரியையே அனுப்பிவிடலாம்.