சிக்லிட் வெளுத்தால் கலர் ஃபீடைத் தேடாதீர்கள்

போன வாரம் பாலித்தீன் கவரில் ஒரு டெமசோனி வந்தது; சிக்லிட் குடும்பத்து நீல அலங்கார மீன். வயிறு புடைத்து, பின்னால் வெள்ளை நூல்போல் கழிவு தொங்கிக்கொண்டிருந்தது. “நீலம் மங்கிடுச்சுங்க, அதான் நிறம் ஏத்துற கலர் ஃபீடும் மாட்டு இதயமும் போட்டேன்” என்றார் கொண்டு வந்தவர். மறுநாள் மீன் செத்துவிட்டது. சேலத்தில் மீன் நோய் பார்க்கிற எனக்கு இதே கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் டெமசோனி பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் மீன். நீளமான குடல், இறைச்சிக்கு ஏற்றதல்ல. போகட்டும், அந்தத் தீவனம் நீலத்தையாவது ஏற்றுமா? ஏற்றாது. சிவப்பும் மஞ்சளும்தான் பெரும்பாலும் உணவிலுள்ள கரோட்டினாய்டு என்ற நிறமியிலிருந்து வருகின்றன. அதற்கு ஸ்பைருலினா என்ற பாசித் தீவனம் உதவும். நீலம் என்பது தோல் செல்களில் உள்ள நுண்படிகங்களில் பட்டு ஒளி சிதறுவதால் தெரிவது. அதை டப்பாவில் அடைத்து விற்க முடியாது.

பிறகு ஏன் வெளுத்தது? அவர் தொட்டித் தண்ணீரை டெஸ்ட் கிட் குழாயில் எடுத்துச் சொட்டு விட்டதும் நல்ல மஞ்சளாகிவிட்டது. பி.ஹெச். (அமில, கார அளவு) 6-க்குப் பக்கம், அதாவது அமிலம். “மீனுக்காச்சே, உப்புத் தண்ணி ஊத்துவேனா? ஆர்.ஓ. தண்ணிதாங்க!” என்றார். நம் ஊரில் இந்தப் பாசம்தான் மலாவி மீன்களைக் கொல்கிறது. அந்த ஏரியின் பி.ஹெச். சுமார் 7.7 முதல் 8.6 வரை. ஆர்.ஓ. வடிகட்டும்போது கால்சியத்தோடு கார்பனேட்டும் போய்விடுகிறது. கார்பனேட் இல்லாத தொட்டியில் கழிவு சிதையச் சிதைய அமிலம் ஏறிக்கொண்டே போகும்; மீன் செவுளை வேகமாக அடித்து, நிறத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். நீங்கள் ‘உப்பு’ என்று முகம் சுளிக்கிற போர் தண்ணீர்தான் பல வீடுகளில் மலாவி மீனுக்குப் பொருத்தம். பரிசோதித்துவிட்டு, வாரம் கால் பங்காக மாற்றுங்கள். ஒரே நாளில் முழுவதும் மாற்றாதீர்கள். மேட்டூர் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை எடுத்த பிறகே ஊற்றுங்கள். டிஸ்கஸ் என்ற வேறொரு சிக்லிட் வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போர் மோட்டாரைப் போடவேண்டாம். அது மென்னீர் மீன்.

இன்னொன்று, பயம். ஜிலேபி மீனும் சிக்லிட்தான். மொசாம்பிக் ஜிலேபி ஆண், குழி தோண்டி இடம் பிடித்துவிட்டால் மையாகக் கறுக்கும், துரத்தப்பட்டால் சாம்பலாகிவிடும். உங்கள் தொட்டியிலும் அதே கணக்குதான். ஒளிய இடம் இல்லாத, வெறும் கண்ணாடித் தரைத் தொட்டியில் நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். கருமணல் போடுங்கள், கல் அடுக்குங்கள், இரவில் விளக்கை அணையுங்கள்.

பீகாக் என்ற மலாவி சிக்லிட் வாங்குகிறவர்களை ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். பெண் மீன் ஆயுசுக்கும் சாம்பல்தான். கடைத் தொட்டியில் இரண்டு அங்குலக் குஞ்சுகள் ஒன்றுவிடாமல் ஜொலித்தால் ஹார்மோன் கொடுத்திருப்பார்களோ என்று சந்தேகப்படுங்கள். தீவனம் நின்றதும் அந்த நிறம் இறங்கிவிடும், இனப்பெருக்கமும் கெடும். குழந்தைக்குப் பரிசாகத் தரப்போகிற மீனை அப்படி வாங்காதீர்கள்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு: டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஹீட்டர் இல்லாமல் சிக்லிட் வைக்கவே கூடாது. 25 டிகிரியில் நிறுத்துங்கள். கரண்ட் போனால் தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்துங்கள், மேல்புறம் காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டு. கொதிநீரை மட்டும் ஊற்றாதீர்கள்.