பேஸ்: ‘மந்தம்’ என்பதா, ‘அடியொலி’ என்பதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில், பதினாறு வயது மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, பேஸ் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?” என்று கேட்டார். அவர் வீட்டில் பழைய கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, எங்கள் நகரத்தில் பிறந்த ‘கொம்’ என்ற மின்னணு நடன இசையை உருவாக்கக் கற்றுக்கொண்டிருப்பவர். நான் சற்றும் யோசிக்காமல் “மந்தம்” என்றேன். அவர் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மந்தம் என்றால் சோம்பல், செரியாமை என்று போட்டிருக்கிறது, ஐயா. நான் கேட்பது நெஞ்சில் வந்து இடிக்கிற சத்தம்” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அன்று பாதியில் நின்றுபோன விடையை முழுமையாக்கவே இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

இசையில் தாழ்ந்த ஒலியைக் குறிக்கும் ‘பேஸ்’ என்ற ஆங்கிலச் சொல் பிற்கால இலத்தீனில் தாழ்ந்தது, குட்டையானது என்று பொருள்பட்ட ‘பாஸுஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதே வேரில் பிறந்த இத்தாலியச் சொல் ‘பாஸோ’. அடித்தளம் என்று பொருள்படும் மற்றொரு ‘பேஸ்’ ஆங்கிலத்தில் உண்டு. அது கிரேக்க மொழியின் ‘பாஸிஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு அடியெடுத்து வைத்தல், அடி ஊன்றும் பீடம் என்று பொருள். இரண்டும் வெவ்வேறு வேர்கள் என்றாலும் உச்சரிப்பு ஒன்றாகிவிட்டது. ஆங்கிலேயர் ஒரு காலத்தில் தாழ்ந்த குரலைக் குறிக்கும் சொல்லையும் அடித்தளத்தைக் குறிக்கும் சொல்லைப் போலவே எழுதினார்கள். பின்னர் இத்தாலிய இசைச் சொற்களின் செல்வாக்கால் அதன் எழுத்து மாறியது, ஒலி மட்டும் பழையபடியே நின்றது. தமிழ் எழுத்திலோ இந்த வேறுபாட்டைக் காட்ட வழியே இல்லை. ‘பேஸ்’ என்று எழுதினால் அடித்தளமா, தாழொலியா என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். தமிழ்ச் சொல் வேண்டும் என்பதற்கு இதுவே முதற்காரணம்.

நம் இசை மரபில் இதற்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. சிலப்பதிகார உரைகளும் தமிழிசை நூல்களும் குரலின் மூன்று நிலைகளை மெலிவு, சமன், வலிவு என்று வகுக்கின்றன. கீழ்நிலை மெலிவு, நடுநிலை சமன், மேல்நிலை வலிவு. இவையே வடமொழி வழக்கில் மந்தரம், மத்திமம், தாரம் எனப்படுகின்றன. ஆழ்ந்த ஒலியைக் குறிக்கும் ‘மந்த்ர’ என்ற வடசொல்லும், மெதுவானதைக் குறிக்கும் ‘மந்த’ என்ற வடசொல்லும் தமிழில் ஒன்றோடொன்று கலந்து ‘மந்தம்’ ஆகிவிட்டதால்தான் என் மாணவர் அகராதியில் சோம்பலையும் செரியாமையையும் கண்டார். அன்றாடப் பேச்சில் ஆழ்ந்த ஆண்குரலைக் ‘கட்டைக் குரல்’ என்கிறோம். பாடகரின் குரல்வகையைச் சொல்லும்போது அதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேட வேண்டியதில்லை. ஆனால் ‘மெலிவு’ என்பது இன்றைய காதுக்கு நலிவு, இளைப்பு என்றே படுகிறது. ஜன்னல் கண்ணாடியை அதிர வைக்கும் ஓர் ஒலியை மெலிவு என்று ஓர் இளைஞரிடம் சொன்னால், சொல்லுக்கும் அனுபவத்துக்கும் நடுவே பெரிய பள்ளம் விழுந்துவிடுகிறது. மெலிவும் மந்தரமும் சுரத்தின் இடத்தைச் சொல்லும் சொற்கள். மின்னணு இசைக்காரர்கள் ‘பேஸ்’ என்னும்போது சுரத்தின் இடத்தோடு அந்த ஒலியின் கனத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

அந்தக் கனத்தை நன்கு அறிந்தவர்கள் நம் தோற்கருவிக் கலைஞர்கள். மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். கச்சேரிக்கு முன் அதன் நடுவில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். தோலின் எடை கூடுவதால் அதன் அதிர்வு குறைந்து ஒலி கீழே இறங்கும். அந்தத் தொப்பியில் கையை அழுத்தி நகர்த்தி, ஒலியை ஏறி இறங்கச் செய்வதைக் கும்கி என்பார்கள். மின்னணு இசையில் தாழ்ந்த ஒலியை ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கி இழுப்பது ஏறக்குறைய இதே வேலைதான். உறுமியை எடுத்துக்கொண்டால், அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து ஒலியை வரவழைக்கிறார்கள்; உறுமுவதால் உறுமி. மின்னணு இசையாளர்கள் தங்கள் தாழொலியின் ஒரு வகைக்கு மிருகத்தின் உறுமலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை. ‘உறுமல்’ என்று எழுதிவிடலாம்.

எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தபின் நான் வந்து நிற்கும் சொல் ‘அடியொலி’. தமிழில் ‘அடி’ என்பது கீழ்ப்பகுதி, பாதம், மூலம் ஆகியவற்றைக் குறிப்பதோடு, அடித்தல் என்ற வினைக்கும் வேராக நிற்கிறது. மரத்தின் அடி, மலையின் அடி, முரசின் மேல் விழும் அடி ஆகிய மூன்றையும் ஒரே சொல் தாங்குகிறது. ஆங்கிலத்தில் இரண்டு வேர்கள் தற்செயலாக ஓரிடத்தில் வந்து மோதிக் கிடைத்த பொருட்செறிவு, தமிழில் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. போதாக்குறைக்கு இங்கே அடித்தலும் சேர்ந்துகொள்கிறது. காதுக்கு எட்டும் எல்லையின் விளிம்பில், ஏறத்தாழ 20 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை அதிரும் மிகத் தாழ்ந்த பகுதியை ‘ஆழடி’ என்று சுருக்கமாகச் சொல்லலாம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் எட்டரை மீட்டர் நீளம் கொண்டது. நம் வீட்டு அறைகளே பலவும் அவ்வளவு நீளம் இல்லை. நீண்ட அலைகளைச் சுவர்கள் அவ்வளவாகத் தடுப்பதில்லை என்பதால்தான், பக்கத்துத் தெருக் கொண்டாட்டத்தில் பாடுபவரின் குரல் நம்மை எட்டாவிட்டாலும் அடியொலி மட்டும் படுக்கையறை வரை வந்துவிடுகிறது.

ஓர் ஒலிப்பகுதியின் பெயர் ஓர் இசைக் குடும்பத்தின் பெயராக மாறிய வரலாறு ஜமைக்காவின் கிங்ஸ்டனில் தொடங்குகிறது. 1970களில் கிங் டப்பி என்ற ஒலிப்பொறியாளர், பதிவான பாடல்களிலிருந்து குரலை நீக்கிவிட்டு முரசையும் அடியொலியையும் முன்னே கொண்டுவந்து ‘டப்’ என்ற வடிவத்தை வளர்த்தார். ஜமைக்கர்கள் குடியேறிய பிரிட்டனுக்கு அவர்களுடைய மாபெரும் ஒலிபெருக்கிக் கட்டமைப்புகளும் சென்றன. 1980இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட 808 என்ற தாள இயந்திரத்தின் நீண்டு அதிரும் உதைமுரசு, அமெரிக்காவில் மயாமி நகரத்து இளைஞர்கள் கையில் தனி இசையாகவே வளர்ந்தது. 2000களின் தொடக்கத்தில் தென் லண்டனின் குரோய்டன் பகுதியில் ஸ்கிரீம், பெங்கா போன்ற பதின்வயதினர் ‘டப்ஸ்டெப்’ என்ற மின்னணு நடன இசையை உருவாக்கினார்கள். 2005 முதல் அதே தென் லண்டனின் பிரிக்ஸ்டனில் நடந்த டிஎம்இசட் இசையிரவுகள், அடியொலியின் எடையில் தியானம் செய்ய வாருங்கள் என்றே அழைத்தன. எடை என்ற அந்தச் சொல் என்னைக் கவர்கிறது. ‘கனத்த குரல்’ என்று நாம் சொல்வதும் அதே உணர்விலிருந்துதான். டப்ஸ்டெப்பின் கிளைகள் பெருகி, எதற்கு எந்தப் பெயர் என்று சொல்ல முடியாத நிலை வந்தபோது, எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘பேஸ் மியூசிக்’ என்ற பெயர் நிலைத்தது. தமிழில் ‘அடியொலி இசை’ என்போம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 2010களின் தொடக்கத்தில் டர்பனின் புறநகர்க் குடியிருப்புகளில் பிறந்த இசைக்குக் ‘கொம்’ என்று பெயர். இது ஜூலு மொழியின் ஒலிக்குறிப்புச் சொல். கனமான ஒன்று மோதும் ஓசையை, முரசின் அடியை அப்படியே வாயால் ஒலித்துக் காட்டுவது. ஜூலு இலக்கணத்தில் இத்தகைய சொற்களுக்கு ‘இசென்சுகுதி’ என்று தனி வகையே உண்டு. ‘படபட’, ‘சலசல’, ‘திடுதிடு’ என்று சொல்லிப் பழகிய தமிழருக்கு இந்த வகை அந்நியமானதன்று. ஆனால் அதன் முதல் ஒலி நம் நெடுங்கணக்கில் இல்லை. நாவின் முன்பகுதியை அண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று பிரித்து, புட்டியின் தக்கையைத் திறப்பது போல எழுப்பும் சொடுக்கொலி அது. நாம் இரக்கப்பட்டு உச்சுக்கொட்டும்போது பல்லருகே எழுப்புவது ஜூலு மொழியில் மற்றொரு சொடுக்கெழுத்து. மாட்டை முடுக்கும்போது கன்னத்தின் ஓரத்தில் எழுப்புவது மூன்றாவது. இந்த ஒலிகளை எழுப்ப நமக்குத் தெரியும். அவற்றைச் சொல்லுக்குள் வைத்துப் பேசத்தான் நாம் பழகவில்லை. ஆகவே ‘கொம்’ என்ற எழுத்து தோராயமானதே. இதற்கு ‘தொம்’ என்றோ ‘திம்’ என்றோ தமிழாக்கம் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது அண்டை வீட்டார் தங்கள் குழந்தைக்கு வைத்த பெயர். பெயரை மாற்றாமல் நம் நாவுக்கு இயன்றவரை சரியாகக் கூப்பிடுவதே முறை.

அண்டை வீட்டார் என்று சொன்னதை உவமையாகக் கொள்ள வேண்டாம். சாட்ஸ்வொர்த்தும் உம்லாசியும், ஃபீனிக்ஸும் குவாமாஷுவும் அடுத்தடுத்து இருப்பவை. இன ஒதுக்கல் ஆட்சியின் குடியிருப்புச் சட்டம் இந்தியரையும் ஜூலு மக்களையும் பக்கத்துப் பக்கத்தில் குடியமர்த்திவிட்டு நடுவில் கோடு கிழித்தது. சட்டம் போய்விட்டாலும் அந்தக் கோட்டின் தடம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் உலகம் முழுவதும் ஒலிக்கும் ஓர் இசை, நமக்கு இரண்டு மைல் தொலைவில் பிறந்ததை நம்மில் பலர் லண்டன் வழியாகச் சுற்றி வந்து தெரிந்துகொள்கிறோம். எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

கொம் இசையை உருவாக்கிய இளைஞர்கள் பெரும்பாலும் ஃப்ரூட்டிலூப்ஸ் என்று தொடங்கி எஃப்எல் ஸ்டூடியோ என்று பெயர் மாறிய பெல்ஜிய மென்பொருளை வைத்து, வீட்டுக் கணினியிலேயே வேலை செய்தார்கள். நேரான நான்கடித் தாளத்தை உடைத்து, இடைவெளி விட்டு, இருண்ட ஓர் ஒலித்துணுக்கைத் திரும்பத் திரும்பச் சுழல விடுவது அதன் இயல்பு. கோப்புகள் வாட்ஸப் குழுக்களிலும் இலவசத் தரவிறக்கத் தளங்களிலும் கைமாறின. வானொலியைவிட மினிபஸ் டாக்சிகளின் ஒலிபெருக்கிகளே அதை நகரமெங்கும் கொண்டுசென்றன. டர்பனை அடுத்த கிளெர்மாண்டில் வளர்ந்த டிஜே லாக் இதன் முன்னோடிகளுள் ஒருவர். ‘லாக்’ என்பது லுவாசி அசாண்டா குவாலா என்ற அவருடைய முழுப்பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தது. 2016இல் லண்டனின் கூன் கிளப் ஆல்ஸ்டார்ஸ் என்ற வெளியீட்டு நிறுவனம் அவருடைய இசையை வெளியிட்டது. 2019இல் அவர் அமெரிக்கப் பாடகி பியான்சேயின் இசைத்தொகுப்பொன்றில் பங்களித்தார். ரூட்பாய்ஸ், கிரிஃபிட் விகோ, டிஸ்ட்ரக்ஷன் பாய்ஸ், லாமண்ட்வில்லிலிருந்து வந்த பாடகி பேப்ஸ் வோடுமோ ஆகியோரைத் தொடர்ந்து கேட்டால் ஒரே நகரத்துக்குள் எத்தனை குரல்கள் என்பது விளங்கும். ஜோகன்னஸ்பர்க் அடங்கிய கவுடெங் மாகாணத்தில் வளர்ந்த அமாபியானோ என்ற நடன இசையையும் இதனோடு வைத்துக் கேட்க வேண்டும். அதன் அடியொலியைத் தாங்குவது ‘லாக் டிரம்’ என்ற ஒலி. குடைந்த மரக்கட்டையால் ஆன முரசின் பெயர் அது. கட்டைக் குரல் என்று சொல்லும் நமக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு நெருக்கம் தோன்றுகிறது.

இங்கே இன்னொரு சொல்லைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் கலைஞர்களை ஆங்கிலத்தில் ‘புரொடியூசர்’ என்பார்கள். இலத்தீனில் முன்னே கொண்டுவருதல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்த சொல் அது. தமிழில் அதற்குரிய ‘தயாரிப்பாளர்’ என்ற சொல்லைச் சினிமா எடுத்துக்கொண்டுவிட்டது. கேட்டவுடன் பணம் போடுபவர்தான் நினைவுக்கு வருவார். ‘இசையமைப்பாளர்’ என்றால் பாட்டுக்கு மெட்டமைப்பவர் என்று ஆகிவிடுகிறது. கொம் இசையில் மெட்டும் தாளமும் ஒலியின் இழையும் கலவையும் ஒருவர் கையிலேயே உருவாகின்றன. அவரை ‘இசையாக்குநர்’ என்று அழைப்பதே தகும். பணமோ பதவியோ அந்தச் சொல்லில் நுழையவில்லை, ஆக்குவது மட்டுமே இருக்கிறது. புதிய அடியொலி இசையைத் தேடுபவர்கள் பாட்டின் பெயரைவிட இசையாக்குநரின் பெயரைக் குறித்துக்கொள்வது நல்லது. இந்த உலகில் ஒரு பெயர் இன்னும் நான்கு பெயர்களிடம் கொண்டுபோய் விடும். ஒருவர் இன்னொருவரின் இசையை மறுகலவை (ரீமிக்ஸ்) செய்திருப்பார், டிஜேயாக வட்டு சுழற்றும்போது தம் நண்பர்களின் வெளிவராத ஆக்கங்களை இசைப்பார்.

கேட்கும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் ஆழடியை எழுப்ப இயலாது. அதில் கேட்டுவிட்டு ‘இதில் ஒன்றுமே இல்லையே’ என்று தள்ளியவர்கள் பலர். அவர்கள் கேட்டது இசையின் மேல்தோலை மட்டும். நல்ல ஹெட்ஃபோனிலாவது கேட்க வேண்டும், இயன்றால் வாரக்கடைசியில் நகருக்குள் போகும் டாக்சியின் பின்னிருக்கையில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை நான் கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதினேன்: அடியொலி, ஆழடி, இசையாக்குநர். மாணவர் அவற்றைத் தம் ஏட்டில் எழுதிக்கொண்டார். பிறகு தம் கணினியிலிருந்த ஓர் ஆக்கத்தை வகுப்புக்குப் போட்டுக்காட்டி, “இந்த இடத்தில் அடியொலி போதவில்லை, ஐயா, கூட்ட வேண்டும்” என்றார்.