'மனித மைய' நுண்ணறிவாம்!

கூடலூர், பந்தலூர் பக்கம் மருத்துவப் பயிற்சிக் கூட்டம் எது நடந்தாலும் திரையில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: 'மனித மைய செயற்கை நுண்ணறிவு'. போன கூட்டத்தில் ஒரு கிராம சுகாதார செவிலியர், "சார், இந்த மையத்தை எங்க திறந்திருக்காங்க, ஊட்டியிலயா?" என்று கேட்டார். அங்கன்வாடி மையம், இ-சேவை மையம் என்று தினமும் புழங்குகிறவர் வேறு எப்படிக் கேட்பார்?

'செயற்கை நுண்ணறிவு' மீது எனக்கு வழக்கு இல்லை. 1955-இல் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தியும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் நடத்தவிருந்த கூட்டத்துக்கான திட்டத்தில் எழுதிய 'ஆர்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ்' (ஏஐ) என்ற பெயருக்குத் தமிழில் நிலைத்துவிட்ட சொல் அது. அதன் முன்னால் ஒட்டும் 'ஹியூமன் சென்டர்ட்' (இதைத்தான் 'மனித மைய' என்கிறார்கள்) வடிவமைப்பாளர்களின் பேச்சிலிருந்து வந்தது. 1999-இல் ஐஎஸ்ஓ 13407 என்று சர்வதேசத் தரமாகவே ஆனது. கருவியைச் செய்துவிட்டு ஆளைப் பழக்காதே, புழங்கப்போகிறவரின் வேலையையும் இடத்தையும் பார்த்துவிட்டுக் கருவியைச் செய் என்பதுதான் சாரம்.

தாய்லாந்தில் நடந்தது நல்ல உதாரணம். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைச் சொல்லும் கூகுளின் கருவியை 11 மருத்துவமனைகளில் வைத்துப் பார்த்து, 2020-இல் ஆய்வை வெளியிட்டார்கள். வெளிச்சம் சரியாக அமையாத அறைகளில் எடுத்த படங்கள் பல. மொத்தத்தில் ஐந்தில் ஒன்றைக் கருவி 'தரம் போதாது' என்று தள்ளிவிட்டது. தள்ளப்பட்டவர் வேறு மருத்துவமனைக்கு அலைய வேண்டும். அந்த அலைச்சலை நினைத்து, ஆய்வில் சேர வேண்டாம் என்று நோயாளிகளிடம் சொன்ன செவிலியர்களும் உண்டு. இங்கே கூடலூர்க்காரரை ஊட்டிக்குப் போகச் சொன்னால் 50 கிலோமீட்டர் மலை ரோடு, ஒரு நாள் தோட்டக் கூலியும் போச்சு. அறை வெளிச்சம், பஸ், கூலி எல்லாம் இந்தச் சொல்லின் பொருளுக்குள் அடக்கம்.

'மனித மைய' என்பதில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? பெயரோடு பெயரை ஒட்டியதில் யார் யாரை என்ன செய்கிறார் என்பதே காணாமல் போகிறது. 'மையச் செயற்கை' என்று போடவேண்டிய 'ச்' கூட விழவில்லை. சுருக்கமாக இருக்கிறதே என்பார்கள். சரி, 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ன நீளமா? மூன்றே சொல். நடுவில் 'தேடி' இருப்பதால் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள் என்று பாட்டிக்கும் புரிகிறது. அதையே 'மக்கள் மைய மருத்துவம்' என்று வைத்திருந்தால் பாட்டி முகவரி கேட்டிருப்பார். அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள், எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே போதும்.

'மனித மைய' என்பதற்குப் பதில் 'மனிதநேய' என்போர் இன்னும் மோசம். கருவி கனிவாகப் பேச வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை; அது சொன்னதை மறுக்க டாக்டருக்கு இடம் இருக்கிறதா, வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் மருத்துவ நுண்ணறிவுக்குச் சொன்ன ஆறு நெறிகளில் முதலாவது மனிதரின் தன்னுரிமையைக் காப்பதுதான்.

என் பரிந்துரை 'மனிதரை முன்னிறுத்தும் செயற்கை நுண்ணறிவு'. தேர்தல் வாசனை கொஞ்சம் அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வள்ளுவரும் 'உற்றான் அளவும் பிணியளவும்' என்று ஆளை முன்னால் வைத்துத்தான் நோயைப் பின்னால் வைக்கிறார். 'நோயாளி மைய சிகிச்சை'யையும் இதே வழியில் 'நோயாளியை முன்னிறுத்தும் சிகிச்சை' ஆக்கிவிடலாம். 'பயனர் மைய வடிவமைப்பு' மட்டும் மிச்சம். அதில் 'பயனர்' என்பதே தனித் தொல்லை, அதற்கு வேறொரு நாள் வருகிறேன்.