மண்ணிலிருந்து எடுத்த குண்டைத் தேய்க்காதீர்கள்

கொள்ளிடக் கரையில் தூர்வாரும்போது கிடைத்ததென்று, சாக்கில் சுற்றிய பழைய இரும்புப் பீரங்கிக் குண்டொன்றை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். அதை உப்புத்தாளால் தேய்த்துக் கறுப்பு வண்ணம் பூசி வீட்டு முன்னறையில் வைத்திருந்தவர், ஆறு மாதத்தில் வண்ணத்துக்கடியில் பழுப்பு நீர் கசிந்து மேல்தோல் செதில் செதிலாகப் பெயரவே பதறி வந்திருந்தார்.

நம் டெல்டாவில் இத்தகைய குண்டுகள் கிடைப்பதில் வியப்பில்லை. தஞ்சை அரியணைக்குப் பிரதாபசிங்கும் சாகுஜியும் உரிமை கோரிய பூசலில் ஆங்கிலேயர் 1749இல் தேவிகோட்டையைப் பிடித்தனர். ஆர்க்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில் 1751-52இல் திருச்சி முற்றுகையிடப்பட்டது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை தஞ்சைக் கோட்டையைத் தாக்கியது.

நூற்றாண்டுகளாக மண்ணில் கிடக்கும் இரும்பு தன் துளைகளுக்குள் குளோரைடு உப்பை ஏற்றிக்கொள்கிறது. வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் அந்த உப்போடு சேர்ந்து உள்ளிருந்தே அரிக்கத் தொடங்குவதால், மேலே பூசும் வண்ணம் உப்பைச் சிறைவைக்கிறதே தவிர இரும்பைக் காப்பதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864இல் மூழ்கி 2000இல் மீட்கப்பட்ட ஹன்லி என்னும் நீர்மூழ்கிக் கப்பலை, இந்த உப்பை வெளியேற்றுவதற்காகவே 2014 முதல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தார்கள். ஈயக் குண்டுகளுக்கோ மரப்பெட்டியே பகை: ஒட்டுப்பலகையிலிருந்து எழும் அமில ஆவியில் அவை வெண்பொடியாக உதிரும், அந்தப் பொடி நச்சு.

இதைவிட அவசரமான ஒன்று உண்டு. எல்லாக் குண்டுகளும் திண்மமானவை அல்ல. உள்ளீடற்றவற்றில் வெடிமருந்து இருக்கலாம், நூறாண்டு கடந்தும் அது உயிர்ப்போடு இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலக் குண்டொன்றைச் சீரமைத்துக்கொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் 2008இல் வர்ஜீனியாவில் அது வெடித்து உயிரிழந்தார். துளையோ திருகு அடைப்போ தென்பட்டாலும், உள்ளே வெற்றிடமோ என ஐயம் எழுந்தாலும், தட்டாமல், துளையிடாமல், நகர்த்தாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

ஆபத்தில்லை என்று அவர்கள் உறுதிசெய்த பொருளை, ஒட்டிய சேற்றோடும் ஈரத்தோடும் நெகிழிப் பையில் கட்டி, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் அன்றே எழுதி, கிராம நிர்வாக அலுவலர் வழியாக ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள கண்டெடுப்புகளை ஆட்சியருக்கு அறிவிக்கச் சொல்கிறது.

அந்தக் கொள்ளிடக் குண்டின் வண்ணத்தை நீக்கி, பல மாதம் ஊறவைத்து உப்பை வெளியேற்றினேன். எந்த வளைவில், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்ததென்று அவருக்கு நினைவில்லை. அதன் அட்டையில் ‘இரும்புக் குண்டு, கொள்ளிடக் கரை’ என்பதற்கு மேல் என்னால் எதுவும் எழுத முடியவில்லை.